பறக்கும் தட்டைச் சுடும் போட்டி: சேலம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக்கோ ஆசியப் போட்டியோ வந்தால் போதும், சேலம், ஓமலூர், ஏற்காடு பக்கத்திலிருந்து ஷாட்கன் போட்டி பற்றி அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். முதலில் டிவியில் பார்ப்பவர்களுக்கானவை, பிறகு கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கானவை.

1. வானத்துல ஒரு தட்டு பறக்குது, சுடறாங்க, தூளாகுது. இதுக்குப் பேரு என்னங்க?

பொதுப்பெயர் ஷாட்கன் போட்டி. அதற்குள் ட்ராப், ஸ்கீட் என்று இரண்டு முக்கியமான வகைகள். இரண்டிலும் எந்திரம் எறியும் தட்டைப் பறக்கும்போதே உடைக்க வேண்டும். உடைந்தால் ஒரு புள்ளி, உடையாவிட்டால் பூஜ்யம். ரைபிள், பிஸ்டல் போட்டிகளில் வரும் 10.9 போன்ற தசமக் கணக்கெல்லாம் இங்கே கிடையாது.

25 தட்டு சேர்ந்தது ஒரு ரவுண்டு. தகுதிச் சுற்றில் ஐந்து ரவுண்டு, மொத்தம் 125 தட்டு. ஒலிம்பிக்கில் இதை இரண்டு நாளாகப் பிரித்து, முதல் நாள் 75, மறுநாள் 50 என்று நடத்துகிறார்கள்.

2. அந்தத் தட்டு மண்ணுலயா செய்யறாங்க? சுட்ட மண்ணா?

பெயரில்தான் 'கிளே' இருக்கிறது, தட்டில் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் பொடியையும் பிட்ச் என்கிற தார் போன்ற பிசினையும் சூடாகக் கலந்து அச்சில் அழுத்தி எடுப்பது. சங்ககிரிப் பக்கம் தோண்டி எடுக்கும் அதே சுண்ணாம்புக்கல் வகைதான். குறுக்களவு 110 மி.மீ., எடை சுமார் 105 கிராம். எந்திரக் கையின் வேகத்தைத் தாங்க வேண்டும், இரண்டு மூன்று குண்டு பட்டாலே உடையவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கலவை அது.

சேலத்து ஏப்ரல், மே வெயிலில் இதனால் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. தகரக் கூரைக்கு அடியில் பெட்டி பெட்டியாக அடுக்கிவைத்தால் பிட்ச் இளகும். அடியில் இருக்கும் தட்டுகள் லேசாக வளையும், ஒன்றோடொன்று ஒட்டும். அப்படிப்பட்டவை எந்திரத்தில் சிக்கும், இல்லையென்றால் வெளியே வரும்போதே இரண்டாகப் பிளக்கும். காற்றோட்டமான நிழலில், கட்டைமேல், அதிக உயரம் அடுக்காமல் வைப்பது நல்லது. எந்திரத்துக்குள் ஏற்றும் முன் ஓரத்தில் விரல் ஓட்டிப் பார்த்து, விரிசல் தட்டுப்பட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

3. ட்ராப்பு, ஸ்கீட்டுன்னு மாத்தி மாத்திச் சொல்றாங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ட்ராப்பில் தட்டு உங்களை விட்டு விலகிப் போகும். சுடுபவர்களுக்கு 15 மீட்டர் முன்னால் தரைக்குள் ஒரு பள்ளம், அதில் 15 எந்திரங்கள். நிற்கும் இடங்கள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று எந்திரம். 'புல்' என்று குரல் கொடுத்த கணத்தில், முன்னால் இருக்கும் மைக் அந்தச் சத்தத்தைப் பிடித்து மூன்றில் ஒன்றை இயக்கும். தட்டு 76 மீட்டர் போய் விழும் அளவுக்கு எறியப்படும், புறப்படும்போது வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல். துப்பாக்கியை முன்னதாகவே தோளில் பொருத்திக்கொண்டு கூப்பிடலாம். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா அனுமதி. முதல் தோட்டாவில் உடைத்தாலும் இரண்டாவதில் உடைத்தாலும் அதே ஒரு புள்ளிதான்.

ஸ்கீட்டில் தட்டு உங்கள் முன்னே குறுக்காகப் பறக்கும். இடதுபுறம் உயரமான கூண்டு, வலதுபுறம் தாழ்வான கூண்டு. முதலாவதிலிருந்து தட்டு சுமார் 3 மீட்டர் உயரத்தில் வரும், இரண்டாவதிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். அரைவட்டத்தில் ஏழு இடங்கள், நடுவில் எட்டாவது. சில இடங்களில் இரண்டு கூண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தட்டு வரும். ஒரு தட்டுக்கு ஒரே தோட்டா. தட்டு கண்ணில் படும்வரை துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் பொருத்தும் பின்பகுதி, இடுப்பருகே, சட்டையில் தைத்திருக்கும் மஞ்சள் பட்டை மட்டத்தில் இருக்க வேண்டும். கூப்பிட்டவுடன் தட்டு வரலாம், 3 விநாடிவரை தாமதித்தும் வரலாம். அந்த 3 விநாடி இடுப்பில் துப்பாக்கியோடு உடம்பு விறைக்காமல் நிற்பதுதான் ஸ்கீட்டில் பாதிப் படிப்பு.

4. ட்ராப்புல எந்தப் பக்கம் பறக்கும்னே தெரியாதுன்னா, ஒருத்தருக்கு சுலபமான தட்டும் இன்னொருத்தருக்குக் கஷ்டமானதும் வராதா?

வராது. ஒரு ரவுண்டு முடியும்போது ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் 10, வலப்பக்கம் 10, நடுவில் 5 என்று சரியாகக் கிடைக்கும்படி கணினி பிரித்துக் கொடுக்கிறது. எந்த வரிசையில் வரும் என்பது மட்டும்தான் தெரியாது. எண்ணிக்கொண்டே போய்க் கடைசித் தட்டை ஊகிக்கிறவர்கள் உண்டு. ஊகித்த பக்கம் கண் முன்கூட்டியே சாய்ந்துவிடும் என்பதால் அந்தப் பழக்கத்தை ஊக்குவிக்கவே கூடாது.

5. தோட்டாவுக்குள்ள ஒரே குண்டா, நிறைய குண்டா?

நிறைய. சர்வதேச விதிப்படி தோட்டாவில் ஈயக் குண்டுகளின் மொத்த எடை 24.5 கிராமைத் தாண்டக் கூடாது, ஒரு குண்டின் விட்டம் 2.6 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. ட்ராப்புக்குப் பெரும்பாலும் 2.4 மி.மீ. குண்டு, ஒரு தோட்டாவில் ஏறத்தாழ 300 இருக்கும். ஸ்கீட்டில் தூரம் குறைவு என்பதால் 2 மி.மீ. குண்டு, ஏறத்தாழ 500. வேட்டைக்கென்று விற்ற 30, 32 கிராம் தோட்டாக்களைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது. நடுவர் தோட்டாவை எடுத்துப் பிரித்து எடை போட அதிகாரம் உண்டு.

6. முந்நூறு குண்டு சிதறுதுன்னா எங்கயாவது பட்டுடுமே. இதுல என்னங்க கஷ்டம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். குண்டுகள் சேர்ந்து பறக்கும் கூட்டம், சுடும் தூரத்தில் சுமார் ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும், ஓரத்தில் அடர்த்தியும் குறைவு. ட்ராப்பில் தட்டை உடைக்கும் இடம் சுடுபவரிடமிருந்து 30 முதல் 35 மீட்டர். கூப்பிட்டதிலிருந்து முக்கால் விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். துப்பாக்கியின் முனை ஒரு மி.மீ. விலகினாலே அங்கே நாலைந்து செ.மீ. விலகிப்போகும்.

அடுத்தது, தட்டு இருக்கும் இடத்தில் சுட்டால் படாது. ஸ்கீட்டில் நடு இடமான நாலாவது இடத்தில் நிற்கிறீர்கள், தட்டு சுமார் 19 மீட்டரில் குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு அங்கே போய்ச்சேர ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் தட்டு ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே அந்த அளவு முன்னால் சுட வேண்டும். ஓடுகிற ஃபீல்டருக்குப் பந்து எறிகிறவர் அவர் போகும் இடத்துக்கு எறிவதில்லையா, அந்தக் கணக்குத்தான்.

இதைக் குறிபார்த்துச் செய்ய நேரம் கிடையாது. கண் தட்டின் மேல், முன் கை துப்பாக்கியைத் தட்டின் பாதையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும், விசையை அழுத்திய பிறகும் இழுப்பு நிற்கக் கூடாது. ரைபிளில் அசையாமல் நிற்பவர் ஜெயிப்பார், இங்கே ஒரே மாதிரி அசைபவர் ஜெயிப்பார்.

7. தட்டு முழுசா உடையணுமா? லேசா தூசி பறந்தா போதாதா?

கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சில்லாவது பெயர்ந்து விழ வேண்டும். வெறும் தூசி மட்டும் கிளம்பினால் அது தப்பியதாகவே கணக்கு. தட்டு வெளியே வரும்போதே உடைந்திருந்தால் நடுவர் 'நோ டார்கெட்' என்பார். அதைச் சுட்டிருந்தாலும் சுடாவிட்டாலும் வேறு தட்டு தரப்படும். இறுதிச்சுற்றில் பார்வையாளருக்குத் தெரிவதற்காகத் தட்டுக்குள் வண்ணப்பொடி வைக்கிறார்கள்.

8. தகுதிச் சுற்றுல முதலா வந்தவங்க ஃபைனல்ல ஆறாவதா போயிடறாங்களே, அது எப்படி?

பாரிஸ் 2024 வரை இருந்த முறையில் முதல் ஆறு பேர் இறுதிச்சுற்றுக்குப் போவார்கள், தகுதிச் சுற்றுப் புள்ளி கூட வராது. எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ட்ராப் இறுதியில் ஒரு தட்டுக்கு ஒரே தோட்டா, அதாவது 3-ல் சொன்ன இரண்டாவது வாய்ப்பு போய்விடும். 25 தட்டு முடிந்ததும் கடைசி ஆள் வெளியே, பிறகு ஐந்தைந்து தட்டுக்கு ஒருவர் வெளியே. கடைசி இருவர் 50 தட்டுவரை போவார்கள். பாரிஸில் பிரிட்டனின் நேதன் ஹேல்ஸ் 48 உடைத்துத் தங்கம் வாங்கினார். விதிகளை ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் மாற்றுகிறார்கள், அதனால் எந்தப் போட்டியைப் பார்த்தாலும் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

தகுதிச் சுற்று, இறுதிச்சுற்று இரண்டிலும் முதலாக வந்தவர்களும் உண்டு. டோக்கியோவில் ஸ்லோவாக்கியாவின் சுசானா ரெஹாக் ஸ்டெஃபெசெகோவா 125க்கு 125 உடைத்து, இறுதியிலும் தங்கம் வாங்கினார். அதே டோக்கியோவில் ஆண்கள் ட்ராப்பில் செக் நாட்டுக்காரர் இருவர் சமமாக முடித்து, கூடுதல் தட்டுகளில்தான் தங்கம் முடிவானது. பாரிஸில் கலப்பு ஸ்கீட்டில் நம் அனந்த்ஜீத் சிங் நருக்கா, மகேஸ்வரி சௌஹான் இணை 43-44 என்று சீனாவிடம் வெண்கலத்தை இழந்தது. ஒரே ஒரு தட்டு.

9. 2004-ல ராத்தோர் வெள்ளி வாங்கின போட்டி இதுல எது?

டபுள் ட்ராப். ஒரே நேரத்தில் இரண்டு தட்டு பறக்கும், இரண்டையும் உடைக்க வேண்டும். ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வாங்கியதுதான் சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் வெள்ளி. ரியோ 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் ட்ராப்பையோ ஸ்கீட்டையோ எடுத்துக்கொள்வதே சரி.

10. வடக்கத்திக்காரங்கதானே இதுல ஜெயிக்கறாங்க? நம்ம பக்கம் யாராச்சும் உண்டா?

வடக்கில் பழைய மரபு இருப்பது உண்மை. பிகானீரின் கர்ணி சிங் 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் ட்ராப் வெள்ளி வாங்கினார். மானவ்ஜித் சிங் சந்து 2006-ல் உலக சாம்பியன். ஆனால் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ட்ராப் சுட்டார். அதற்கு முன்பே, 2023-ல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அணிப் பிரிவில் தங்கம் வென்றவர்.

நாட்டின் அளவும் இதில் தடையில்லை. சான் மரினோவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் டோக்கியோவில் பெண்கள் ட்ராப்பில் வந்தது. குவாத்தமாலாவின் முதல் தங்கமும் பாரிஸில் அதே பிரிவில்தான் வந்தது.

11. பொண்ணுங்களுக்கு எதுக்குத் தனிப் போட்டி? இதுல பலம் ஒண்ணும் வேண்டாமே?

நியாயமான கேள்வி. 1992 பார்சிலோனாவில் ஸ்கீட் ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக இருந்தது. சீனாவின் ஜாங் ஷான் ஆண்களையெல்லாம் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு ஆண்களுக்கு மட்டும் என்றானது. பெண்கள் ஸ்கீட் 2000 சிட்னியில்தான் வந்தது. சில ஆண்டுகள் முன்புவரை பெண்களுக்கு 75 தட்டுதான், இப்போது அவர்களும் 125 சுடுகிறார்கள்.

பலம் வேண்டாம் என்பது மட்டும் சரியில்லை. துப்பாக்கி மூன்றரை கிலோவுக்கு மேல். ஒரு நாளில் அதை நூறு முறை தூக்கி இறக்க, தோளும் முதுகும் பழகியிருக்க வேண்டும்.

12. ஏற்காட்டுல தாத்தா காலத்து டபுள் பேரல் இருக்கு, லைசென்சும் இருக்கு. அதை வச்சே பழகலாமா?

விதி தடுக்கவில்லை. குழல் விட்ட அளவு '12 போர்' என்பதைத் தாண்டாத, குழலின் உட்புறம் வழுவழுப்பான எந்தத் துப்பாக்கியும் சரி, பம்ப் வகை மட்டும் கூடாது. ஆனால் முதலில் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ. நீளம், இன்றைய தோட்டா வெடித்து விரிந்தபின் 70 மி.மீ. தோட்டா உள்ளே அழகாகப் போய் உட்காரும், பூட்டும் விழும். ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் பள்ளமோ துருவோ இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

பத்திரமான துப்பாக்கி என்றே வைத்தாலும், பக்கத்தில் பக்கம் குழல் உள்ளது அகலமான முனையைக் காட்டும், எடையும் குறைவு, உதை அதிகம். போட்டிக்காரர்கள் எல்லாரும் மேல் கீழ் குழல் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ட்ராப்புக்கு 76 அல்லது 81 செ.மீ. குழல், குண்டுகள் அதிகம் சிதறாதபடி முனை இறுக்கமாக. ஸ்கீட்டுக்கு முனை விரிவாக. நாட்டுத் துப்பாக்கி பற்றிக் கேட்பவர்களுக்கு: அதற்கு இந்த விளையாட்டில் இடமே இல்லை.

13. எங்க காபி எஸ்டேட்ல இடம் கிடக்கு. அங்கயே ஒரு ரேஞ்ச் போட்டா என்ன?

ரேஞ்சுக்கும் தனி அனுமதி வேண்டும், வீட்டு உரிமம் போதாது. அது கிடைத்தாலும் மலை ஒத்துழைக்காது. ட்ராப் குண்டு சமதரையிலேயே சுமார் 200 மீட்டர் போகும், சரிவு கீழ்நோக்கி இருந்தால் இன்னும் தள்ளிப் போகும். அந்த விழும் பகுதி முழுக்க ஆள் நடமாட்டம் இல்லாமல் அடைத்திருக்க வேண்டும். தோட்டப் பாதையும் ஓடையும் காட்டெருமையும் இருக்கும் சரிவில் அது நடவாது. விழுந்த ஈயம் மண்ணிலேயே தங்கும், மழைக்கு ஓடையில் கலக்கும். ஒரு ரவுண்டுக்கு ஆளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் ஈயம் விழுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வெயில் முகத்தில் அடிக்காமலிருக்க நம் பக்கத்து ரேஞ்சுகள் வடக்கு அல்லது வடகிழக்கு பார்த்து இருக்க வேண்டும். பனிமூட்ட மாதங்களில் ஏற்காட்டில் 40 மீட்டர் தாண்டி ஒன்றும் தெரியாத காலைகள் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று இலேசு, சேலத்தில் 76 மீட்டருக்குச் சரிசெய்த எந்திரம் அங்கே தட்டை இன்னும் தூரம் எறியும், ஒவ்வொன்றையும் மறுபடி அளந்து வைக்க வேண்டும். கீழே சமவெளியில், கிராமத்தை விட்டு ஒதுங்கிய மேட்டுநிலம் இதற்குப் பல மடங்கு மேல்.

14. பையனுக்கு 14 வயசு. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

21 வயது ஆகாதவர் சொந்தப் பெயரில் துப்பாக்கி வாங்க முடியாது. உரிமம் உள்ள பெரியவரின் நேரடிக் கண்காணிப்பில் ரேஞ்சில் பயிற்சி எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. மாவட்ட ரைபிள் கிளப்பில் உறுப்பினராகி, மாநிலச் சங்கம் வழியாகப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதுதான் பாதை. சேலத்துக்காரர்கள் தட்டு சுட வெளியூர் போக நேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு நான்கு ரவுண்டு என்றால் 100 தட்டு, ட்ராப் என்றால் தோட்டா 130-ஐத் தாண்டலாம். செலவு துப்பாக்கியோடு முடிவதில்லை, தோட்டாவில்தான் ஓடிக்கொண்டே இருக்கிறது. தேசியப் போட்டியில் குறிப்பிட்ட புள்ளி எடுத்து 'ரினவுண்ட் ஷாட்' தகுதி பெற்றவர்களுக்கு இறக்குமதியில் சலுகை உண்டு.

காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் முதல் நாளிலிருந்தே. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாலும் வேண்டும்.

15. ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தானே குறி பார்க்கணும்?

இங்கே இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும், தட்டின் தூரமும் வேகமும் அப்போதுதான் பிடிபடும். ஆனால் எந்தக் கண் ஆளும் கண் என்று முதலில் பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்னத் துளை செய்து, தூரத்துக் கரண்ட் கம்பத்தை அதற்குள் பாருங்கள். இடது கண்ணை மூடுங்கள். கம்பம் துளையிலேயே நின்றால் வலது கண் ஆள்கிறது, காணாமல் போனால் இடது கண்.

வலது கைக்காரருக்கு இடது கண் ஆண்டால், கண்ணுக்குத் தெரியும் முனை ஒன்று, துப்பாக்கி காட்டும் இடம் வேறு. எவ்வளவு பழகினாலும் ஒரே பக்கம் தப்பும். சின்ன வயதென்றால் இடது தோளுக்கு மாற்றிவிடுவதே நல்லது. பெரியவர்கள் கண்ணாடியில் இடது கண்ணுக்கு நேரே, மங்கலான சின்ன டேப் ஒட்டிச் சமாளிக்கிறார்கள்.

16. ஒரு வருஷமா பழகறேன், 25-க்கு 17, 18-லயே நிக்குது. எங்க தப்பு?

மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, தட்டு உடைகிறதா என்று பார்க்கத் தலை கட்டையிலிருந்து எழும்புவது. தலை எழுந்தால் குண்டு மேலே போகும். இரண்டு, விசையை அழுத்தும் கணத்தில் துப்பாக்கி நிற்பது. 6-ல் சொன்ன கணக்குப்படி குண்டு தட்டுக்குப் பின்னால் போகும். மூன்று, தட்டைச் சரியாகப் பார்க்குமுன்னே துப்பாக்கியை இழுப்பது. பறந்து வருவது கோடாகத் தெரிந்தால் அவசரம், விளிம்பு தெரிந்தால் சரி.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி: துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பாருங்கள், தோட்டா வேறு அறையில் பூட்டியிருக்கட்டும். சுவரும் கூரையும் சேரும் கோட்டின் ஒரு மூலையில் முனையை வைத்து, கன்னம் கட்டையை விட்டு அகலாமல், மறு மூலைவரை கோட்டிலேயே இழுங்கள். கையால் மட்டும் இழுத்தால் பாதியில் முனை கோட்டை விட்டு இறங்கும். இடுப்பிலிருந்து திரும்பினால் இறங்காது. நாளுக்கு பத்து நிமிடம் இதைச் செய்பவர்களுக்கு ரேஞ்சில் தோட்டா மிச்சமாகும்.

17. போட்டியில கூப்பிட்டாச்சு, தட்டும் வந்துடுச்சு, துப்பாக்கி வெடிக்கலை. புள்ளி போச்சா?

நீங்கள் அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. துப்பாக்கியைத் திறக்காமல், முனையைத் திருப்பாமல், பூட்டைத் தொடாமல் நடுவரைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்து, தோட்டாவின் கோளாறு அல்லது துப்பாக்கியின் கோளாறு என்று ஒப்புக்கொண்டால் வேறு தட்டு கிடைக்கும். ஒரு ரவுண்டில் இரண்டு முறைவரை இந்தச் சலுகை. தோட்டா போட மறந்தது, சேஃப்டி எடுக்க மறந்தது எல்லாம் உங்கள் கணக்கு. பதற்றத்தில் நீங்களே திறந்து பார்த்துவிட்டால், உண்மையான கோளாறாக இருந்தாலும் தட்டு போய்விடும்.

18. எலெக்‌ஷன் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்க. அந்த நேரம் டெல்லியில போட்டி இருந்தா?

ஒப்படைக்கும் உத்தரவு வந்தவுடன், சங்க உறுப்பினர் சான்று, போட்டி அழைப்பு, உரிம நகல் மூன்றையும் வைத்து விலக்கு கேட்டு எழுதிக் கொடுங்கள். போட்டியாளர்களுக்கு விலக்கு தர வழி இருக்கிறது, ஆனால் தானாக வராது, கேட்க வேண்டும். பதில் எழுத்தில் வரும்வரை துப்பாக்கியை வெளியே எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் அப்போதே சரிபாருங்கள்: உங்கள் உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுமா, இந்தியா முழுவதுமா என்று. தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், தேசியப் போட்டி நடக்கும் டெல்லி துக்ளகாபாத் ரேஞ்சுக்குத் துப்பாக்கியோடு போக முடியாது. எல்லையை நீட்டிக்கப் பல மாதம் ஆகலாம், ஆகவே மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் அன்றே அந்த விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.